எழுதாத பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள்

கேள்வி: காரிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் கணவருக்கு வயது 38. பாலக்கோடு மார்க்கெட்டில் விவசாயிகளிடம் தக்காளி வாங்கி, சொந்தமாக வைத்திருக்கும் ‘சின்ன யானை’ வண்டியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பெங்களூரு மண்டியில் இறக்குவார். நான்கு மாதங்களுக்கு முன் பைக்கில் வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் பின்னால் வந்த லாரி இடித்து வலது கால் முறிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். முழங்கால் முழுதாக மடங்கவில்லை. மருத்துவமனைச் செலவு மட்டும் 3,20,000 ரூபாய். வார்டில் இருந்தபோதே ஒருவர் வந்து, வக்கீல் அனுப்பியதாகச் சொல்லி, வக்காலத்திலும் எழுதாத பச்சைத் தாளிலும் கையெழுத்து வாங்கினார். பாஸ்புக்கையும் வாங்கி வைத்துக்கொண்டார். வருகிற பணத்தில் நூற்றுக்கு முப்பது அவர்களுக்காம். லோக் அதாலத்தில் 4 லட்சத்துக்கு முடித்துவிடலாம் என்கிறார். என் கணவருக்குச் சம்பளச் சான்றிதழ் கிடையாது, வருமான வரிக் கணக்கும் காட்டியதில்லை. ‘மாதம் 60,000 என்று ஒரு மண்டியில் எழுதி வாங்கித் தருகிறேன்’ என்றும் அவரே சொல்கிறார். அன்றைக்கு இவர் ஹெல்மெட் போடவில்லை. அதனால் வழக்கு தோற்றுவிடுமா? எங்களிடம் இருப்பது ஒரு கணக்கு நோட்டு மட்டும். இன்னொன்று: பெங்களூரு வியாபாரி ஒருவர் 5,80,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். 3 லட்சத்துக்கு அவர் கொடுத்த செக்கும் திரும்பிவிட்டது. அதையும் இந்த வழக்கோடு சேர்த்துப் போட முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘இன்னொன்று’ என்று கடைசியில் நீங்கள் சேர்த்திருந்த செய்தியைத்தான் நான் முதலில் கையில் எடுத்தேன். நீங்கள் அனுப்பிய படங்களில், செக் திரும்பியதற்கு வங்கி தரும் தாளான ரிட்டர்ன் மெமோவும் இருந்தது. கடிதம் எனக்குக் கிடைத்த அன்று அந்த மெமோ வந்து 19 நாள் ஓடியிருந்தது. இந்தப் பதில் அச்சாகி உங்கள் வீடு வந்து சேரும்வரை அது காத்திருக்காது. அதனால்தான் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம், நாளைக்கே நோட்டீஸ் போகட்டும் என்றேன். அவசரத்தில் காரணத்தை விளக்க முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த நாள் முதல் 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டவில்லை என்றால் அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு இந்தத் தேதிகளின் மேல்தான் நிற்கிறது. நோட்டீஸில் கேட்க வேண்டிய தொகை செக்கில் இருக்கும் 3 லட்சம். ‘மொத்தப் பாக்கி 5,80,000 கொடு’ என்று மட்டும் எழுதினால் நோட்டீஸே செல்லாது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். முழுப் பாக்கியையும் குறிப்பிடலாம். ஆனால் செக் தொகையைத் தனியாகப் பிரித்துக் கேட்டிருக்க வேண்டும். 30 நாள் தவறிவிட்டதே என்று இதைப் படிக்கும் வேறு யாராவது கலங்கினால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: செக்கின் தேதியிலிருந்து 3 மாதம் முடியாமல் இருந்தால் மறுபடி வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வியாபாரி பெங்களூருவில் இருக்கிறார், அங்கேதான் போய் அலைய வேண்டுமோ என்று தொலைபேசியில் கேட்டீர்கள். வேண்டாம். செக்கை உங்கள் வீட்டுக்காரர் எந்த வங்கிக் கிளையில் கணக்கு வைத்துப் போட்டாரோ அந்தக் கிளை இருக்கும் எல்லைக்குள் வழக்குப் போடலாம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த வசதி இது. காலை வைத்துக்கொண்டு அவரால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர முடியாது என்றால், கணக்கு வழக்கு தெரிந்த நீங்கள் அவரிடம் பவர் பத்திரம் வாங்கிக்கொண்டு வந்து சாட்சி சொல்லலாம். பவர் வாங்குகிறவருக்கு அந்தக் கொடுக்கல் வாங்கல் நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதற்கு அந்த நோட்டே சாட்சி.

லாரி வழக்கோடு இதைச் சேர்க்க முடியாது. விபத்து நஷ்டஈடு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். செக் மாஜிஸ்திரேட்டிடம் போகும். செக்கில் அடங்காத 2,80,000 ரூபாய் தனி வழி. கோர்ட்டுகள் வேறு வேறாக இருந்தாலும் உங்கள் எல்லா வழக்குக்கும் அடிப்படை ஆவணம் ஒன்றுதான்: நீங்கள் படம் பிடித்து அனுப்பிய அந்த நீள நோட்டு.

அந்தப் படங்களை நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேதி, விவசாயி பெயர், எத்தனை பெட்டி, என்ன விலை, வண்டிக்கு டீசல், ஏற்றுக்கூலி, மண்டியில் விற்றது, தரகு போக வந்தது என்று உங்கள் வீட்டுக்காரரின் பொடி எழுத்தில் நாள் தவறாமல் இருக்கிறது. விலை சரிந்து நஷ்டப்பட்ட நாட்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். விபத்து நடந்த தேதியில் காலைக் கொள்முதல் எழுதப்பட்டிருக்கிறது, விற்பனை எழுதப்படவில்லை. அடுத்த பக்கத்திலிருந்து வெறும் தாள். ஏழு பக்கம் தாண்டி வேறு ஒரு கையெழுத்து, கொஞ்சம் பெரிய எழுத்து, தொடங்குகிறது. அது உங்களுடையது என்று நினைக்கிறேன். அதில் அவர் எழுத்தில் எங்கேயும் இல்லாத ஒரு வரி தினமும் வருகிறது: ‘டிரைவருக்கு 1,000’.

சகோதரி, வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நடத்திய எத்தனையோ வழக்குகளில் இப்படி ஒரு ஆதாரம் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். முன்பாதிப் பக்கங்கள் அவர் என்ன சம்பாதித்தார் என்பதைச் சொல்கின்றன. வெற்றுப் பக்கங்கள் எத்தனை நாள் தொழில் முடங்கியது என்பதைச் சொல்கின்றன. ‘டிரைவருக்கு 1,000’ என்ற வரி, மடங்காத அந்தக் காலால் தினமும் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்கிறது. நோட்டு அசிங்கமாக இருக்கிறதென்று அந்த வெற்றுத் தாள்களைக் கிழித்துவிடாதீர்கள். யாராவது ‘இதையும் நிரப்பிவிடலாம்’ என்றால் நோட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். அசல் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். கோர்ட்டில் தாக்கல் செய்யும் நாளில் நீங்களே எடுத்து வாருங்கள். ஒரு கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியீடு செய்துவிட்டு, மற்றதற்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம்.

நோட்டு மட்டும் போதுமா? போதாது. ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகம் சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது என்பது சாட்சியச் சட்டம். 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. ஆகவே நோட்டின் வரிகளுக்குப் பக்கத்தில் வைக்க வேறு தாள்கள் வேண்டும். மண்டி பில்கள், வங்கிக் கணக்கின் இரண்டு ஆண்டு வரவு செலவு, பணம் வந்து போன கைப்பேசிப் பதிவுகள், வண்டிக் கடனுக்குத் தவறாமல் கட்டிய தவணை ரசீதுகள், அவருடைய ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் சேருங்கள். அவருக்குத் தக்காளி கொடுத்த விவசாயிகளில் இரண்டு பேர் வந்து ‘ஆமாம், இவர்தான் எங்களிடம் வாங்குவார்’ என்று சொன்னால் இன்னும் பலம்.

எழுத்து ஆதாரம் குறைவாக இருந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. கர்நாடகத்தில் 2008இல் நடந்த ஒரு விபத்தில் காய்கறி வியாபாரி ஒருவருக்கு வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. அவரிடமும் வருமானச் சான்று இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட தொழில் செய்கிறவரிடம் ஆவணம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று வருமானத்தை எடுத்துக்கொண்டு, சம்பாதிக்கும் திறனில் 85 சதவீதம் போய்விட்டது என்று 2014இல் தீர்ப்பளித்தது. உங்களுக்கு அவரைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது.

அப்படியிருக்க 60,000 ரூபாய்ச் சான்றிதழ் எதற்கு? அதைத் தொடவே தொடாதீர்கள். அதை எழுதிக் கொடுக்கும் மண்டிக்காரரை இன்சூரன்ஸ் வக்கீல் கூண்டில் ஏற்றி அவருடைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வார். அங்கே உங்கள் வீட்டுக்காரரின் பெயரே இருக்காது. அந்த நிமிடம் உண்மையான நோட்டும் பொய்யாகிவிடும். இன்னும் ஒரு ஆபத்தும் உண்டு. பாக்கி வழக்கில் நீங்கள் ஒரு கணக்கைச் சொல்வீர்கள். தீர்ப்பாயத்தில் வேறு கணக்கைச் சொன்னால், ஒரு கோர்ட்டின் வாக்குமூலத்தை இன்னொரு கோர்ட்டில் கொண்டுவந்து நீட்டுவார்கள். செலவு போக மாதம் 25,000 அளவில் நின்றது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நோட்டைக் கூட்டிப் பார்த்து என்ன வருகிறதோ அதையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள். வருமான வரிக் கணக்கு ஏன் காட்டவில்லை என்று கேட்டாலும் உள்ளதைச் சொல்லலாம்.

இனி என்னைக் கவலைப்பட வைத்த ஒரு தாளைப் பற்றிப் பேச வேண்டும். முதலில் சேர்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், கோர்ட் வட்டாரத்தில் ஏ.ஆர். காப்பி என்போம். அதில் ‘இருசக்கர வாகனத்தில் சறுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதியிருக்கிறது. லாரி என்ற சொல்லே இல்லை. தூக்கிக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் பதற்றத்தில் சொன்னதை டாக்டர் எழுதியிருப்பார். போலீஸ் புகாரோ இரண்டு நாள் கழித்து உங்கள் தம்பி கொடுத்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து ‘லாரி பிறகு சேர்க்கப்பட்டது’ என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதிடும். இது நிச்சயம் வரும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், பர்கூர் பக்கத்துக் கல் குவாரித் தொழிலாளி ஒருவருக்கு ஆஜரானேன். அவருடைய ஏ.ஆர். காப்பியிலும் இதே வாசகம். உண்மையில் ஒரு டிப்பர் லாரி இடித்திருந்தது. தூக்கி வந்தவரைத் தேடிப் பிடித்துச் சாட்சியாக ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனு தள்ளுபடியானது. தீர்ப்பு சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் அவர் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அன்றிலிருந்து எந்த விபத்து வழக்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது ஏ.ஆர். காப்பிதான்.

உங்கள் வழக்கில் அந்த ஆட்டோக்காரரைக் கண்டுபிடியுங்கள். காரிமங்கலத்து ஸ்டாண்டு என்றால் இரண்டு நாளில் ஆள் கிடைத்துவிடும். அவர் இடித்ததைப் பார்த்தாரா, விழுந்து கிடந்ததை மட்டும் பார்த்தாரா என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள், எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். இரண்டாவது மருத்துவமனையில் சேர்த்தபோது எழுதிய குறிப்பில் லாரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டார் வாகன ஆய்வாளர் பைக்கையும் லாரியையும் பார்த்து எழுதிய அறிக்கை வேண்டும். பைக்கின் பின்பக்க மட்கார்டும் நம்பர் பிளேட்டும் உள்ளே நசுங்கியிருந்தன என்று உங்கள் தம்பி சொன்னாரே, அது அந்த அறிக்கையில் இருந்தால் சறுக்கி விழுந்த வண்டிக்குப் பின்பக்கம் ஏன் நசுங்கியது என்று நாம் கேட்கலாம். புகார் தாமதமானதற்கு நியாயமான காரணம் இருந்தால் அது மட்டுமே வழக்கைக் கெடுத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. அடிபட்டவரை விட்டுவிட்டு முதலில் காவல் நிலையத்துக்கு ஓடுகிற குடும்பம் எங்கே இருக்கிறது?

காவல் நிலையத்தில் இன்னும் ஒரு வேலை. முதல் தகவல் அறிக்கையில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(அ) என்று பிரிவுகள் இருக்கின்றன. 125(அ) சாதாரணக் காயத்துக்கு. எலும்பு முறிவு கொடுங்காயம், அதற்கு 125(ஆ). காயச் சான்றிதழ் வந்ததும் பிரிவை மாற்றி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். சரியான பிரிவில் குற்றப்பத்திரிகை இருந்தால் தீர்ப்பாயத்தில் பேச்சு எளிது.

ஹெல்மெட் பற்றிப் பயப்பட வேண்டாம். போடாதது தவறு; அதற்கு அபராதம் உண்டு. ஆனால் முறிந்தது கால். தலையில் போட வேண்டியதைப் போடாததால் கால் முறியவில்லை. ஒரு பைக்கில் மூன்று பேர் போன வழக்கில்கூட, அந்த விதிமீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தால்தான் நஷ்டஈட்டைக் குறைக்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இப்போது 4 லட்சம். அதில் முப்பது சதவீதம் 1,20,000 போனால் உங்கள் கைக்கு வருவது 2,80,000. மருத்துவமனைக்கே 3,20,000 கட்டியிருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ஏமாற்றம் நடப்பது அங்கேதான்.

மருத்துவக் குழு அவருடைய காலைப் பார்த்து ஊனம் 30 சதவீதம் என்று சான்று தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வழி, சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்குவது. சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்றால் 1,50,000 ரூபாய், முடிந்தது. மற்றொரு வழி, அந்த ஊனம் இந்த மனிதரின் தொழிலை எவ்வளவு பாதித்தது என்று பார்ப்பது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழகாக விளக்கியது. இடது கை போனால் உடல் ஊனம் 60 சதவீதமாக இருக்கலாம். போனவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு கிட்டத்தட்ட முழுதும். அரசு அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு முறிந்தது வலது கால், பிரேக் மிதிக்கிற கால். இரவெல்லாம் ராயக்கோட்டை, ஓசூர் வழியாக வண்டி ஓட்டி, விடியலில் தானே பெட்டி இறக்கியவர். அவருக்கு இந்த 30 சதவீதம், மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவரின் 30 சதவீதம் இல்லை.

இந்த இரண்டாவது வழியில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். தீர்ப்பாயம் எச்சரிக்கையாக மாதம் 18,000 ரூபாய்தான் வருமானம் என்று எடுத்துக்கொள்வதாக வைப்போம். 40 வயதுக்குக் கீழ் சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. அது 25,200 ஆகிறது. ஆண்டுக்கு 3,02,400. இதை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், பெருக்குக் காரணி என்போம். வயது 38 என்பதால் அது 15, மொத்தம் 45,36,000. அதில் 30 சதவீதம் 13,60,800 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், கூடவே இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, சத்துணவு, போக்குவரத்து, வலி வேதனை, கம்பியை எடுக்கப் பிறகு ஆகும் செலவு எல்லாம் தனி. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலும் ஏழரை சதவீதம் தருகிறார்கள். இவ்வளவு கிடைத்தே தீரும் என்று நான் உறுதி தரவில்லை. ‘டிரைவர் வைத்துத் தொழில் நடக்கிறதே’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். நடக்கிறது, தினம் 1,000 ரூபாய் அதிகச் செலவில் நடக்கிறது என்பது நம் பதில். ஒன்றரை லட்சத்துக்கும் பதின்மூன்றரை லட்சத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்க வைப்பது அந்த நோட்டு.

லோக் அதாலத்தை நான் குறை சொல்லவில்லை. நல்ல தொகைக்கு அங்கே முடித்துக் கொடுத்து, அலைச்சல் தீர்ந்து மகிழ்ச்சியோடு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. எலும்பு எப்படிக் கூடும், முழங்கால் எவ்வளவு மடங்கும், கம்பி எப்போது எடுப்பார்கள் என்று டாக்டருக்கே தெரியாத நேரத்தில் தொகை பேசக் கூடாது. மருத்துவக் குழுவின் சான்று வந்த பிறகு பேசுங்கள்.

மனு போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தப்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். அந்தக் கெடு சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. இருக்கட்டும். உங்களுக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும்போது அந்தச் சிக்கலுக்குள் எதற்குப் போக வேண்டும்? லாரி எந்த மாநிலத்துப் பதிவாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் எல்லை என்பதால் தருமபுரியிலேயே போடலாம்.

வார்டுக்கு வந்தவரைப் பற்றி எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் கொதிக்கிறது. காலில் கட்டோடு, மயக்க மருந்து தெளியாமல் கிடக்கிறவரிடம் கையெழுத்து வாங்குவது என் தொழிலின் பெயரால் நடக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதிகள் இதைத் தெளிவாகத் தடுக்கின்றன. வக்கீல் ஆள் அனுப்பி வழக்குப் பிடிக்கக் கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது. கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்கக் கூடாது. ஆகவே அந்த முப்பது சதவீதம் நீங்கள் கட்டுப்பட வேண்டிய ஒப்பந்தமே இல்லை. ஆனால் உழைக்கிற வக்கீலுக்கு நியாயமான கட்டணம் உண்டு. எவ்வளவு, எப்போது என்று முன்கூட்டியே பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

முதலில், அந்தக் கையெழுத்தை வைத்து ஏற்கெனவே மனு தாக்கலாகியிருக்கிறதா என்று கோர்ட்டில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். தாக்கலாகவில்லை என்றால், வக்காலத்தையும் வெற்றுத் தாள்களையும் பாஸ்புக்கையும் திருப்பிக் கேட்டு, அந்த வக்கீலின் பெயருக்கே பதிவுத் தபால் அனுப்புங்கள். புரோக்கரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பல நேரம் வக்கீலுக்கே தெரியாமல் இப்படி நடந்திருக்கும். தெரிந்ததும் அவரே திருப்பிக் கொடுத்துவிடுவார். தாக்கலாகியிருந்தால் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலை வைக்கலாம். தர மறுத்தால் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். கட்டணம் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பாஸ்புக் வரும்வரை காத்திராமல், வங்கியில் எழுதிக் கொடுத்து வேறு வாங்குங்கள். நஷ்டஈட்டுத் தொகையை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் தருமபுரி மாவட்ட கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் நியமிப்பார்கள்.

மீதி 2,80,000 ரூபாய்க்குச் சிவில் வழக்குதான். கடைசியாகச் சரக்கு இறக்கிய தேதி எதுவோ அதிலிருந்து மூன்று ஆண்டுகள் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வியாபாரி கைப்பேசியில் ‘தருகிறேன், பொறு’ என்று அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள். தொழில் பதிவு இருந்தால் சிறுதொழில் கவுன்சிலில் மூன்று மடங்கு வட்டியோடு வாங்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பொருள் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. செக் தொகையையும் சேர்த்து முழு 5,80,000க்கும் வழக்குப் போடுவதானால் அது வணிக வழக்காகிவிடும். 3 லட்சத்துக்கு மேல் போகும் வணிக வழக்குகளுக்கு, அவசர உத்தரவு கேட்காத பட்சத்தில், முதலில் சமரச மையத்துக்குப் போயே ஆக வேண்டும். அந்த மையமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம்தான் இருக்கிறது. என் எண்ணம், செக் புகாருக்குச் சம்மன் போனாலே அவர் பேச வருவார். வந்தால் முழுப் பாக்கிக்கும் சேர்த்துப் பேசுங்கள். பேசியதைத் தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீதை நோட்டுக்குள் வைக்காதீர்கள், தொலைந்துவிடும். தனி உறையில் போட்டு மேலே தேதி எழுதுங்கள். ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் அதில் அவர் கையெழுத்திட்ட தேதியை எனக்குச் சொல்லுங்கள். அந்தத் தேதியிலிருந்து 15 நாளை எண்ணி, புகார் போட வேண்டிய கடைசி நாளை நான் குறித்துத் தருகிறேன். நோட்டில் உங்கள் கையால் எழுதிவருவதை நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதத் தொடங்கிய முதல் பக்கத்தின் தலையில் அந்தத் தேதியிலிருந்து எழுதுவது நீங்கள் என்று ஒரு வரி குறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழைய பக்கத்தில் இப்போது எதையும் சேர்க்க வேண்டாம். கூண்டில் நிற்கும்போது உங்கள் வாயால் சொல்லுங்கள்.